யாழ்ப்பாணத்தில் தரவுத்தளம், கொழும்பில் பேக்கப்: பிஜிபேக்ரெஸ்ட்டைப் புதிய பதிப்புக்கு மாற்ற முழுமையான வழிகாட்டி

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் பேக்கப்பையும் பேரிடர் மீட்பையும் பிஜிபேக்ரெஸ்ட் பார்த்துக்கொள்ளும் இடங்களில், அந்த மென்பொருளை அப்கிரேட் செய்வது பார்வைக்கு ஐந்து நிமிட அலுவல். ஒரு பக்கேஜை நிறுவினால் சரி. கரைச்சல் நிறுவும்போது வருவது குறைவு. பேக்கப் நின்றிருக்கும் நேரத்தில் தரவுத்தளம் எழுதித் தள்ளும் வால் கோப்புகள் (ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் கோப்புகள்) எங்கே போய்க் குவிகின்றன, மாற்றி முடித்தபின் தரவை உண்மையில் மீட்க முடிகிறதா என்ற இரண்டு இடங்களில்தான் புதிதாக வரும் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் நிறுவலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேலைதான்.

நான் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது. யாழ்ப்பாண நகரில் ஓர் அலுவலகத்தில் உபுண்டு சேர்வர், அதில் முதன்மைத் தரவுத்தளம். சுமார் 400 கிலோமீற்றர் தள்ளிக் கொழும்பில் ரெப்போ சேர்வர், பேக்கப்புகள் சேமிக்கப்படும் இடம். அதன் பக்கத்தில் ஒரு ஸ்டான்ட்பை, முதன்மையைப் பின்தொடரும் மாற்றுத் தரவுத்தளம். மொத்தம் மூன்று இயந்திரங்கள். கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டவேண்டிய முழு வடிவம் பிஜிபேக்ரெஸ்ட்டின் ஹெல்ப் கட்டளையில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

1. எதை மாற்றுகிறீர்கள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

தரவுத்தளத்தின் பதிப்பு வேறு, பேக்கப் மென்பொருளின் பதிப்பு வேறு. ஒரே இரவில் இரண்டையும் மாற்ற வேண்டாம். பிழை வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்கவே விடிந்துவிடும்.

பெயரைப் பார்த்து ஏமாறும் கட்டளை ஒன்று இருக்கிறது: ஸ்டான்சா-அப்கிரேட். பிஜிபேக்ரெஸ்ட்டை அப்கிரேட் செய்யும்போது ஓட்டவேண்டியது இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது போஸ்ட்கிரஸின் பெரிய பதிப்பு மாறும்போது, அந்த மாற்றத்தை ரெப்போவுக்குச் சொல்வதற்கானது. இன்றைய வேலையில் அதற்கு இடமில்லை.

2. கையில் இருக்க வேண்டியவை

பழைய பதிப்பின் பக்கேஜ் கோப்பு. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், எல்லோரும் மறப்பது இதைத்தான். போஸ்ட்கிரஸ் திட்டத்தின் ஏப்ட் (உபுண்டுவில் பக்கேஜ்களை நிறுவும் கருவி) களஞ்சியத்தில் புதிய பதிப்பு ஏறியதும் பழையது வழக்கமான பட்டியலில் இருக்காது. திரும்பிப் போக வேண்டிய இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மூன்று இயந்திரங்களிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இயந்திரங்களிலும் உள்ள பிஜிபேக்ரெஸ்ட் கொன்ஃபிக் (அமைப்பு) கோப்பின் பிரதி. ரெப்போ மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் சைஃபர் கடவுச்சொல், அந்த மூன்று இயந்திரங்களுக்கும் வெளியே ஓரிடத்தில். அந்தச் சொல் போனால் ரெப்போவில் எத்தனை பேக்கப் இருந்தாலும் ஒன்றையும் திறக்க முடியாது.

வெளியீட்டுக் குறிப்புகள். உங்கள் பதிப்புக்கும் புதியதற்கும் இடையில் உள்ள எல்லாவற்றையும் வாசியுங்கள். கடைசியை மட்டும் வாசித்தால் நடுவில் நடந்த மாற்றம் தப்பிவிடும்.

மூன்று இயந்திரங்களிலும் சுடோ (நிர்வாகி) உரிமை. கொழும்பு இயந்திரத்தின் உரிமை இன்னொருவரிடம் இருந்தால், அவர் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுப்பாரா என்று முன்னமே கேட்டுவையுங்கள்.

3. டிஸ்க் கணக்கு

இந்த வேலையின் மையம் இதுதான், ஆகவே கொஞ்சம் மினக்கெடலாம்.

பிஜிபேக்ரெஸ்ட் நின்றிருக்கும்போது தரவுத்தளம் நிற்பதில்லை. வால் கோப்புகளை ரெப்போவுக்கு அனுப்பும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டே இருக்கும். போஸ்ட்கிரஸ் அந்த வால் கோப்புகளை அழிக்காமல் பிஜி-வால் கோப்புறையிலேயே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நல்ல குணம்தான், ஒரு பைட்டும் தொலையாது. ஆனால் அந்த டிஸ்க் நிரம்பினால் தரவுத்தளம் பானிக் என்று எழுதிவிட்டு விழுந்துவிடும். பேக்கப் மென்பொருளைத் தொட்டதால் தரவுத்தளமே விழுந்தது என்ற கதைகளில் பெரும்பாலானவை இப்படி நடந்தவை.

கணக்கு எளிது. போஸ்ட்கிரஸில் பிஜி-ஸ்டாட்-ஆர்க்கைவர் என்ற பார்வையில் (வியூ) இதுவரை அனுப்பிய கோப்புகளின் எண்ணிக்கை இருக்கும். அலுவலகம் மும்முரமாக இருக்கும் ஒரு நாளில் காலை 10 மணிக்கு ஒருமுறை, 11 மணிக்கு ஒருமுறை பாருங்கள். வித்தியாசத்தை 16 எம்பியால் பெருக்குங்கள். ஒரு வால் கோப்பின் இயல்பான அளவு அது. வித்தியாசம் 240 என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட 4 ஜிபி. 40 ஜிபி காலியாக இருந்தால் 10 மணி நேரம் தாங்கும்.

அரை மணி நேர வேலைக்கு 10 மணி நேர இடம் எதற்கு என்று கேட்பார்கள். நடுவில் கொழும்பு இணைப்பு அறுந்தால் அரை மணி நேரம் அரை நாளாகும். 8 மணி நேரத்துக்கு இடமில்லாத சேர்வரில் நான் தொடங்குவதில்லை. முதலில் டிஸ்க்கைப் பெருப்பிக்கச் சொல்வேன்.

அடுத்தது கொன்ஃபிக் கோப்பில் ஆர்க்கைவ்-புஷ்-கியூ-மேக்ஸ் என்ற வரி இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். வரிசை அந்த அளவைத் தாண்டினால், கோப்புகளை அனுப்பாமலே “அனுப்பியாயிற்று” என்று போஸ்ட்கிரஸுக்குச் சொல்லிவிடும் வசதி இது. டிஸ்க் தப்பும், வால் கோப்புகளின் சங்கிலி அறும். நிறுத்தியிருந்த நேரத்தில் சேர்ந்த வரிசை எல்லையைத் தாண்டியிருந்தால், திரும்பத் தொடங்கிய மறுகணம் அத்தனையும் கைவிடப்படும். லொக்கில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும், அதை யாரும் பார்க்கமாட்டார்கள். வேலை தொடங்க முன் அந்த எல்லையை உயர்த்துங்கள், அல்லது வரியைத் தற்காலிகமாக முடக்குங்கள்.

4. நேரம் குறிப்பது

இரவு பேக்கப் ஓடும் நேரத்துக்கு மிக அருகில் வைக்காதீர்கள். அலுவலகம் மூடி, நாள் முடிவுக் கணக்கு ஏறிய பிறகு தொடங்குவது நல்லது. நல்லூர்த் திருவிழா நாட்களில் விற்பனைத் தரவுத்தளங்களை நான் தொடுவதே இல்லை. கடை பூட்டும் நேரம் நிச்சயமில்லாத நாட்கள் அவை.

ஞாயிறு பகல் பாதுகாப்பானது என்று ஒரு பேச்சு உண்டு. 2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று போய் முட்டியது என்று அமைச்சர் சொன்னார். முற்பகலில் நாடு முழுக்கக் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் சேர்வருக்கு மட்டும் இருந்து ரௌட்டருக்கு இல்லையென்றால், சேர்வர் ஓடும், நீங்கள் கொழும்பு இயந்திரத்தில் பாதி நிறுவலில் நிற்பீர்கள். ரௌட்டரும் யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று வயரைப் பிடித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அதோடு, கொழும்பில் செய்யும் எல்லாவற்றையும் டீமக்ஸுக்குள் செய்யுங்கள். இணைப்பு அறுந்தாலும் நிறுவல் அங்கே தானாக முடியும். திரும்ப நுழைந்து அதே திரையைப் பிடிக்கலாம்.

5. பழைய பதிப்பு நலமாக இருக்கிறதா?

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். முதலில் இன்ஃபோ கட்டளை: நிலை ஓகே என்று இருக்கவேண்டும், கடைசி பேக்கப்பின் திகதி நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்கவேண்டும். அப்புறம் செக் கட்டளை: இது தரவுத்தளத்தைப் புதிய வால் கோப்புக்கு மாறச்செய்து, பழையது ரெப்போவுக்கு வந்து சேருகிறதா என்று காத்திருந்து பார்க்கும்.

செக் இப்போதே தோற்றால் அப்கிரேட்டை விடுங்கள். ஏற்கெனவே இருந்த நோயை அப்கிரேட் மாற்றாது. நாளை எல்லோரும் உங்கள் அப்கிரேட்டையே குறைசொல்வார்கள்.

இரண்டும் சரி என்றால் பழைய பதிப்பாலேயே ஒரு பேக்கப் எடுங்கள், இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது) போதும். அது முழுமையாக முடியும்வரை பொறுத்திருங்கள். பாதியில் நின்ற பேக்கப்பை, விட்ட இடத்திலிருந்து பிஜிபேக்ரெஸ்ட் பிறகு தொடரும் என்பது உண்மைதான். ஆனால் பதிப்பு மாறிவிட்டால் தொடராது. அதுவரை கொழும்புக்கு ஏற்றியதெல்லாம் வீண்.

6. நிறுத்தும் ஒழுங்கு

முதலில் ரெப்போ சேர்வரில் பேக்கப்புக்கான குரோன் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் வசதி) வரியை முடக்குங்கள். அடுத்து ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஏதும் இல்லை என்று பாருங்கள். அதன்பிறகுதான் ஸ்டாப் கட்டளை, எல்லா இயந்திரங்களிலும். இந்த ஒழுங்கை மாற்றினால், நீங்கள் நிறுவிக்கொண்டிருக்கும் நடுவில் குரோன் எழும்பிப் பேக்கப்பைத் தொடங்கும், அது தோற்று மேலாளருக்கு மின்னஞ்சல் போகும்.

ஸ்டாப் செய்வது ஒரு சிறிய கோப்பை வைப்பது மட்டுமே. இயல்பாக அது டிஎம்பி கோப்புறைக்குள் பிஜிபேக்ரெஸ்ட் என்ற உட்கோப்புறையில் இருக்கும். புதிய வேலை எதுவும் தொடங்க முன் அந்தக் கோப்பைப் பார்த்துத் திரும்பிவிடும். ஏற்கெனவே ஓடுகிறவற்றை அது தொடாது. உபுண்டுவில் ரீபூட் செய்தால் டிஎம்பி துடைக்கப்படும், ஸ்டாப்பும் சேர்ந்து போய்விடும். நடுவில் ரீபூட் ஆன இயந்திரத்தில் ஸ்டாப்பை மறுபடி கொடுங்கள்.

இப்போது போஸ்ட்கிரஸ் லொக்கைத் திறந்தால், 062 என்ற எண்ணோடு, ஸ்டாப் கோப்பு இருப்பதாகப் பிழை வரிகள் வந்துகொண்டிருக்கும். பதற வேண்டாம். நிறுத்தியது வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அந்தச் சிவப்பு வரிகளைப் பார்க்கப் பொறுக்காமல் சிலர் ஆர்க்கைவ் கட்டளையை “எதுவும் செய்யாமல் வெற்றி என்று சொல்” என்ற வகையில் மாற்றிவிடுகிறார்கள். லொக் உடனே அமைதியாகும். போஸ்ட்கிரஸ் கோப்புகள் போய்ச் சேர்ந்தன என்று நம்பி அவற்றை அழிக்கத் தொடங்கும். அந்த இடைவெளி நிரந்தரமானது. அதற்குப் பின் புதிய பேக்கப் ஒன்று எடுக்கும்வரை, இடைவெளியைத் தாண்டிய எந்த நேரத்துக்கும் மீட்க முடியாது. பிழை வரி வரட்டும், விடுங்கள்.

7. நிறுவுவது: தூரத்தில் இருப்பது முதலில்

பிஜிபேக்ரெஸ்ட் இரண்டு முனைகளிலும் அச்சொட்டாக ஒரே பதிப்பை எதிர்பார்க்கும். ஓர் இலக்கம் மாறினாலும் பேசாது. ஆகவே எந்த முனையை முதலில் மாற்றினாலும் நடுவில் ஒரு மௌன நேரம் உண்டு. அதைச் சுருக்குவதுதான் கெட்டித்தனம். மூன்று இயந்திரங்களிலும் பக்கேஜை முன்கூட்டியே இறக்கிவைத்துவிட்டு, பிறகு அடுத்தடுத்து நிறுவுங்கள்.

நான் ரெப்போவில் தொடங்குவேன். தூரத்தில் இருப்பது, கைக்கு எட்டாதது, பிழை வந்தால் அதிக நேரம் எடுப்பது அதுதான். அங்கே சிக்கினாலும் யாழ்ப்பாணத்துத் தரவுத்தளச் சேர்வரில் இன்னும் எதுவும் மாறவில்லை. அடுத்து முதன்மைச் சேர்வர். கடைசியில் ஸ்டான்ட்பை. இந்த மூன்றாவதைத்தான் மறப்பார்கள்: ஸ்டான்ட்பை ஸ்ட்ரீமிங்கில் (மாற்றங்களை முதன்மையிலிருந்து நேரடியாகப் பெற்று) ஓடுவதால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பல வாரம் கழித்து இணைப்பு அறுந்து, ரெப்போவிலிருந்து வால் கோப்பை எடுக்கப் போகும்போதுதான் பதிப்புப் பொருந்தவில்லை என்று நிற்கும்.

நிறுவும்போது பக்கேஜின் பெயரையும் பதிப்பையும் குறிப்பிட்டு அதை மட்டும் நிறுவுங்கள். பொதுவான ஏப்ட் அப்கிரேட் வேண்டாம். அது போஸ்ட்கிரஸையும் சேர்த்து இழுத்துவந்து ரீஸ்டார்ட் செய்யும். கொன்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்டால், இருப்பதையே வைத்திருக்கச் சொல்லுங்கள். எந்தச் சேவைகளை ரீஸ்டார்ட் செய்ய என்று உபுண்டு ஒரு பட்டியல் காட்டினால், போஸ்ட்கிரஸின் குறியை எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

இயந்திரங்கள் எஸ்எஸ்எச் வழியே பேசுகின்றன என்றால் வேறொன்றும் இல்லை. டிஎல்எஸ் வழி என்றால் பிஜிபேக்ரெஸ்ட் சேவையை ரீஸ்டார்ட் செய்யவேண்டும். டிஸ்க்கில் புதியது இருந்தாலும் நினைவகத்தில் ஓடுவது பழையதாகவே இருக்கும்.

பிறகு ஒவ்வோர் இயந்திரத்திலும் பதிப்பைக் கேட்டுப் பாருங்கள், உங்கள் சொந்தக் கணக்கில் அல்லாமல் போஸ்ட்கிரஸ் பயனராக. முன்பு யாரோ மூல நிரலிலிருந்து கட்டிய பிரதி ஒன்று லோக்கல் பின் கோப்புறையில் கிடக்கலாம். ஆர்க்கைவ் கட்டளையில் அதன் முழுப் பாதை எழுதப்பட்டிருந்தால், நீங்கள் பார்த்த புதிய பதிப்பை விட்டுவிட்டுத் தரவுத்தளம் அந்தப் பழையதையே கூப்பிடும். இன்னொரு நுணுக்கம்: மறுமுனையிலும் மென்பொருள் இதே பாதையில் இருக்கும் என்றே பிஜிபேக்ரெஸ்ட் எடுத்துக்கொள்ளும். பாதைகள் வேறென்றால் கொன்ஃபிக்கில் சொல்லவேண்டும்.

8. திரும்பத் தொடங்குவது

எல்லா இயந்திரங்களிலும் ஸ்டார்ட் கொடுங்கள். உடனே எதுவும் நடக்காதது போல இருக்கும். போஸ்ட்கிரஸின் ஆர்க்கைவர் சில தடவைகள் தோற்றால் ஒரு நிமிடம் ஓய்ந்து பிறகுதான் மறுபடி முயலும். அந்த ஒரு நிமிடத்தில் பொறுமை இழந்து எதையும் மாற்றாதீர்கள்.

பிஜி-வாலுக்குள் ஆர்க்கைவ்-ஸ்டேட்டஸ் என்ற கோப்புறை இருக்கிறது. அதில் ரெடி என்று முடியும் கோப்புகள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருங்கள். எண் குறைந்துகொண்டே போனால் வரிசை வடிகிறது. குறையவில்லையா, லொக்கைப் பாருங்கள். கிரீட்டிங், வெர்ஷன் என்ற சொற்களோடு, எதிர்பார்த்த பதிப்பு இது, கிடைத்தது அது என்று ஒரு வரி இருந்தால், ஏதோ ஓர் இயந்திரம் இன்னும் பழையதில் நிற்கிறது. ஏழாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

வரிசை முழுதும் வடிந்த பிறகுதான் செக் கட்டளை. முன்னமே ஓட்டினால், அது புதிதாக அனுப்பச் சொல்லும் கோப்பு வரிசையின் கடைசியில் போய் நிற்கும். இயல்பான காத்திருப்பு 60 வினாடிகள்தான். 082 என்ற பிழையோடு வெளியே வரும். அமைப்பில் பிழை ஒன்றும் இல்லை, நீங்கள் அவசரப்பட்டதுதான். இதைக் கண்டு பதறிப் பழைய பதிப்புக்குத் திரும்பிய ஆட்களும் உண்டு.

கொன்ஃபிக்கில் செல்லாத வரி இருப்பதாக எச்சரிக்கை வந்தால் வாசியுங்கள். மென்பொருள் அந்த வரியை ஒதுக்கிவிட்டு ஓடும். ஒதுக்கியது பேக்கப்புகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற வரியாக இருந்தால், சில மாதங்களில் ரெப்போ டிஸ்க் நிரம்பும்போதுதான் தெரியவரும்.

9. மீட்டுப் பார்க்காமல் முடிந்ததென்று சொல்லாதீர்கள்

முதலில் புதிய பதிப்பால் ஒரு பேக்கப். முழு பேக்கப் நல்லது. கொழும்பு இணைப்பு மெலிந்ததென்றால் இன்றிரவு இன்கிரிமென்டலை எடுத்துவிட்டு முழுவதை வார இறுதிக்கு வைக்கலாம்.

அடுத்து, இந்த மூன்றும் அல்லாத வேறோர் இயந்திரத்தில் மீட்பு. போஸ்ட்கிரஸின் பெரிய பதிப்பு அங்கே அதேதாக இருக்கவேண்டும், பிஜிபேக்ரெஸ்ட்டும் அதே புதிய பதிப்பு. மீட்புக் கட்டளையில் ஆர்க்கைவ்-மோட் ஆஃப் என்று கட்டாயம் கொடுங்கள். இல்லையென்றால் மீண்டெழுந்த சோதனைத் தரவுத்தளமும் உண்மையான ரெப்போவுக்கே தன் வால் கோப்புகளை அனுப்பத் தொடங்கும். போஸ்ட்கிரஸ் 12 முதல் இந்த வசதி வேலைசெய்யும்.

ஒரு குறித்த நேரத்துக்கு மீட்டுப் பாருங்கள், சும்மா கடைசிவரை அல்ல. நேரத்தை எழுதும்போது இலங்கை நேரத்துக்கான +05:30 என்பதைச் சேர்த்து எழுதுங்கள். பல சேர்வர்கள் யூடிசியில் (சர்வதேசப் பொது நேரம்) ஓடுகின்றன. பின்னேரம் 4 மணி என்று நீங்கள் எழுத, அது இரவு ஒன்பதரை என்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் இன்னும் வரவில்லையென்றால், போஸ்ட்கிரஸ் 13 முதல், குறித்த இலக்கை அடைய முன்பே மீட்பு முடிந்துவிட்டது என்று சொல்லித் தரவுத்தளம் எழும்ப மறுக்கும்.

இலக்கை அடைந்ததும் என்ன செய்வது என்பதில் ப்ரமோட் (சாதாரணத் தரவுத்தளமாக எழும்பு) என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் இயல்பாக அது இலக்கில் வந்து நின்று காத்திருக்கும். வாசிக்க விடும், எழுத விடாது. தொங்கிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள்.

எழும்பியதும் அட்டவணைகளை எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். முதன்மையில், நீங்கள் குறித்த நேரத்துக்குச் சற்று முன் விழுந்த கடைசிப் பற்றுச்சீட்டின் எண் என்ன, அதற்கு அடுத்த சீட்டின் எண் என்ன என்று எடுத்துவையுங்கள். மீட்டதில் முதலாவது இருக்கவேண்டும், இரண்டாவது இருக்கக்கூடாது. இந்த ஒரு பரிசோதனை, பேக்கப், வால் கோப்புகள், நேர மண்டலம் மூன்றும் சரி என்று ஒரே அடியில் காட்டிவிடும்.

10. திரும்பிப் போக நேர்ந்தால்

மறுபடி ஸ்டாப், மூன்று இயந்திரங்களிலும் வைத்திருந்த பழைய பக்கேஜை, பழைய பதிப்புக்கு இறங்க ஏப்ட்டுக்கு அனுமதி கொடுத்து நிறுவுதல், கொன்ஃபிக் பிரதிகளை மீளவைத்தல், ஸ்டார்ட், செக். அவ்வளவுதான்.

இது இவ்வளவு சுலபமாக இருக்க ஒரு நிபந்தனை: புதிய பதிப்பு தரும் புதிய வசதிகளை அன்றைக்கே போடாதீர்கள். சிறு கோப்புகளைப் பொதியாகக் கட்டுவது, பிளாக் அளவில் இன்கிரிமென்டல் எடுப்பது போன்றவற்றைப் போட்டுப் பேக்கப் எடுத்துவிட்டால், அவற்றை அறியாத பழைய பதிப்பால் அந்தப் பேக்கப்பைப் படிக்க முடியாது. இரண்டு வாரம் அமைதியாக ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம்.

11. கடைசி அலுவல்கள்

குரோன் வரியைத் திரும்பப் போடுங்கள். கியூ-மேக்ஸ் எல்லையை மாற்றியிருந்தால் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று இயந்திரங்களிலும் பிஜிபேக்ரெஸ்ட் பக்கேஜுக்கு ஏப்ட்-மார்க் ஹோல்ட் (பதிப்பு தானாக மாறாமல் பிடித்துவைப்பது) போடுங்கள். வேறு யாரோ ஒருநாள் ஒரு சேர்வரில் மட்டும் அப்கிரேட்டைத் தட்டினால், பதிப்புப் பொருத்தம் உடைந்து வால் கோப்புகள் சத்தமில்லாமல் குவியத் தொடங்கும்.

சோதனை இயந்திரத்தில் மீட்ட தரவை அழியுங்கள். அதில் இருப்பது வாடிக்கையாளரின் உண்மையான விபரங்கள். அடுத்த நாள் காலையில் இன்ஃபோவை ஒருமுறை ஓட்டி, இரவு குரோன் எடுத்த பேக்கப் பட்டியலில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது அந்தக் குரோன் வரியைத்தான்.